ஒரு ஃப்ரேசர் குடும்பமும் கடையில் வாங்கிய மரபுச்சின்னமும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் நகருக்கு மேற்கே பியூலி ஆற்றை ஒட்டிய ஊர்களில் ஃப்ரேசர் என்ற குடும்பப்பெயரைக் கேட்காமல் ஒரு நாள் கழியாது. அப்பகுதியில் சிறிய தங்கும் விடுதி நடத்திவந்த ஒரு குடும்பம் இந்த ஆய்வுக்கு உட்பட்டது. வயதான தந்தை, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள். விடுதி தந்தையின் பெயரில் இருந்தது, நிறுவனமாகப் பதியப்படவில்லை. இந்தச் சிறு விவரம் பின்னால் முக்கியமாகிறது.

சுற்றுலாக் கடையில் வாங்கிய ‘ஃப்ரேசர் குடும்பச் சின்னம்’ என்ற மரப்பலகை வாசலில் தொங்கியது. அதே படம் லெட்டர்ஹெட்டிலும் ரசீதிலும் காலைச் சிற்றுண்டிப் பட்டியலிலும் ஏறியது. அடுத்ததாக வாயில் தூணில் கல்லில் செதுக்கவும், மூத்த மகனின் திருமணத்துக்கு முத்திரை மோதிரத்தில் பொறிக்கவும் ஏற்பாடு நடந்தது. கல்தச்சருக்கு முன்பணமும் போய்விட்டது. இந்த நிலையில், அங்கே தங்கவந்த ஒருவர் அந்தச் சின்னம் இக்குடும்பத்துக்கு உரியதல்ல, அப்பகுதி ஃப்ரேசர்களின் தலைவரான லவட் பிரபுவுக்கு உரியது என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடும்பம் ஒரு மரபுவழி ஆய்வாளரை அணுகியது. அவர்கள் கேட்டவை இரண்டு. நாங்கள் லவட் பிரபுக்களின் வழிவந்தவர்களா? இந்தச் சின்னத்தை நாங்கள் பயன்படுத்தலாமா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் இரண்டாவதற்கும் ‘ஆம்’ என்பது அவர்கள் நினைப்பு. இத்துறையில் எல்லாரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பலகையில் இருந்தவை

ஒரு முழுச் சின்னத்தில் கேடயம், அதன்மேல் தலைக்கவசம், கவசத்திலிருந்து வழியும் துணி, உச்சியில் முடிச்சின்னம், ஒரு குறிக்கோள் வாசகம் ஆகியவை இருக்கும். பலகையை இந்த வரிசையில் படித்தபோது அது ஒருவருடைய சின்னமே அல்ல, இருவருடையதை ஒட்டவைத்தது என்று தெரிந்தது.

கேடயம் நான்காகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒன்றாம், நான்காம் பகுதிகளில் நீலத் தளத்தில் மூன்று வெள்ளி ஸ்ட்ராபெர்ரிப் பூக்கள். இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் வெள்ளித் தளத்தில் மூன்று சிவப்புப் பழங்கால மகுடங்கள். இது லவட் பிரபுவின் கேடயம். ஆனால் உச்சியில் இருந்த ஸ்ட்ராபெர்ரிச் செடி, ஃப்ரேசர்களின் இன்னொரு கிளையான சால்டன் பிரபு மரபின் முடிச்சின்னம். லவட் மரபில் அங்கே கலைமான் தலை இருக்க வேண்டும். ‘நான் ஆயத்தம்’ என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகம் மறுபடி லவட்டுக்கு உரியது. அது கேடயத்துக்குக் கீழே எழுதப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்து மரபில் வாசகம் முடிச்சின்னத்துக்கு மேலே வரும், கீழே எழுதுவது இங்கிலாந்து வழக்கம். தலைக்கவசத்துக்குத் தங்கக் கம்பிகள் இருந்தன. அது பிரபுக்களுக்கானது.

பின்பக்கம் ஒட்டியிருந்த தாளில் ஒரு கதை. 916இல் ஒருவர் பிரெஞ்சு அரசர் சார்ல்ஸுக்கு ஒரு தட்டு ஸ்ட்ராபெர்ரி கொடுத்தார். மகிழ்ந்த அரசர் அந்தப் பழத்தின் பெயரையும் சின்னத்தையும் அவருக்குத் தந்தார் என்று. கதை அழகானதுதான். ஆனால் ஐரோப்பாவில் கேடயச் சின்னங்கள் வழிவழியாக வரும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டில்தான் வேர் பிடித்தது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் எந்த அரசரும் அப்படி ஒன்றை வழங்கியிருக்க முடியாது.

பெயரின் வரலாறு

ஆவணங்களில் இந்தப் பெயரைச் சுமந்தவர்கள் 1160ஐ ஒட்டி ஸ்காட்லாந்தின் தென்கிழக்கே, கிழக்கு லோதியனில் தென்படுகிறார்கள். அங்கே கீத் என்ற இடத்தில் நிலம் வைத்திருந்த சைமன், அவ்வூர்த் தேவாலயத்தைக் கெல்சோ மடத்துக்கு எழுதிக்கொடுத்தார். பழைய சாசனங்களில் பெயர் ஃப்ரிசெல், ஃப்ரெசெல், ஃப்ரெசர் என்று கண்டபடி மாறுகிறது. பிரெஞ்சில் ஸ்ட்ராபெர்ரிக்கு உரிய சொல்லோடு ஒலி ஒத்ததால் பூவைக் கேடயத்தில் போட்டுக்கொண்டார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். பெயரை வைத்துச் சிலேடையாகச் சின்னம் அமைப்பது ஐரோப்பாவில் மிகச் சாதாரணம்.

நிறம்கூட முதலிலேயே நிலைத்துவிடவில்லை. 1300இல் இங்கிலாந்து அரசர் கார்லாவெராக் கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த வீரர்களின் சின்னங்களை வரிசையாகப் பாடும் ஒரு பிரெஞ்சுச் செய்யுள் இருக்கிறது. அதில் ஒரு சைமன் ஃப்ரேசரின் தளம் கறுப்பு, அதில் வெள்ளிப் பூக்கள். ‘ஃப்ரேசர் நீலம்’ தொன்றுதொட்டு வந்தது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

வடக்கே பியூலிப் பகுதி முதலில் பிசெட் என்ற குடும்பத்தின் கையில் இருந்தது. பியூலி மடத்தை 1230ஐ ஒட்டி நிறுவியவரும் ஒரு பிசெட்தான். 1242இல் ஒரு கொலைப் பழியில் அக்குடும்பத்தின் தலைவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். நிலம் கைமாறியது. 1367இல் ஹியூ ஃப்ரேசர் என்பவர் அப்பகுதியிலுள்ள லவட் என்ற இடத்தின் தலைவராக ஆவணத்தில் வருகிறார். தலைவர்கள் போனாலும் பிசெட் பெயர் கொண்ட குடியானவர்கள் எல்லாரும் போய்விடவில்லை. அவர்களில் பலர் தங்கள் பெயரை விட்டு ஃப்ரேசர் ஆனார்கள். அப்படி மாறியவர்களுக்கு ‘ஒரு போல் மாவு ஃப்ரேசர்கள்’ என்ற கேலிப்பெயரே நிலைத்தது. போல் என்பது தானிய அளவை. ஓட்ஸ் மாவில் 140 பவுண்டு, ஏறத்தாழ 63 கிலோ. பெயரை மாற்றிக்கொண்டால் தலைவர் மாவு அளப்பார் என்பது பேச்சு. மாவு உண்மையிலேயே அளக்கப்பட்டதோ இல்லையோ, நிலம் தருகிறவனின் பெயரை எடுத்துக்கொள்வது ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் (ஹைலேண்ட்ஸ்) பரவலாக நடந்தது.

மேலும் மலைநாட்டுக் குடியானவர்களிடம் நிலையான குடும்பப்பெயரே வெகு காலம் இல்லை. இன்னாரின் மகன், இன்னாரின் பேரன் என்று தந்தை பெயர்களை அடுக்கிச் சொல்லும் வழக்கமே இருந்தது. தமிழரின் முன்னெழுத்து முறை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எழுத்தர் ஒருவர் பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான் ‘ஃப்ரேசர்’ கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே இந்தப் பெயர் இருப்பது ரத்த உறவுக்குச் சான்று ஆகாது.

வம்சாவளித் தேடல்

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புகளை அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1 முதல். இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய், தந்தை பெயர்களும், தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். இங்கிலாந்துப் பதிவுகளில் இந்த வசதி கிடையாது. அதனால் இன்றிலிருந்து 1855 வரை பின்னோக்கி நடப்பது கடினமல்ல. இக்குடும்பத்துக்கும் ஐந்து தலைமுறை தடங்கலின்றிக் கிடைத்தது. எல்லாரும் கில்டார்லிட்டி, கில்மொராக் வட்டாரத்துச் சிறு குத்தகைக் குடியானவர்கள்.

அதற்கு முன் போனபோது சிக்கல் தொடங்கியது. 1850களின் கடைசியில் இறந்த மூதாதை ஒருவரின் இறப்புப் பதிவில் தகவல் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன பெற்றோரின் பெயர் பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு தெரியும்? அந்தப் பெயர்கள் பென்சிலால் மட்டுமே வம்சாவளித் தாளில் எழுதப்பட்டன.

இங்கே உதவியது ஒரு சுற்றுவழி. 1855ஆம் ஆண்டுப் பதிவுகள் மட்டும் மற்ற ஆண்டுகளை விட விரிவானவை. அந்த ஆண்டு இறந்தவர்களுக்கு, பிறந்த இடம், அந்த வட்டாரத்தில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் கேட்டு எழுதினார்கள். பதிவாளர்களுக்கு வேலை தாங்காமல் அடுத்த ஆண்டே படிவத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே நேர் மூதாதை பின்னால் இறந்திருந்தாலும், அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாராவது 1855இல் இறந்தார்களா என்று தேட வேண்டும். இக்குடும்பத்துக்கு ஓர் அக்கா கிடைத்தார். அவரது பதிவு பெற்றோரின் பெயர்களை உறுதிசெய்ததோடு, பிறந்த பண்ணையின் பெயரையும் தந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு துணைக்கு மட்டும் பயன்பட்டது. 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதும் வழக்கம் இருந்தது. 64 வயதுக்காரர் 60 ஆவார். அதை நேர் வயதாக எடுத்துக்கொண்டு பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் நான்கு ஆண்டு வரை பிசகும். குடும்பம் முன்பே தயாரித்து வைத்திருந்த மரத்தில் இந்தப் பிசகு இரண்டு இடங்களில் இருந்தது.

1855க்கு முந்தையவை தேவாலய வட்டப் பதிவேடுகள். 1780களில் அவற்றில் ஓட்டை விழுந்திருந்தது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி இருந்ததால் ஏழைகள் பதியாமல் விட்டார்கள். பதிந்தவர்களிலும் ஒரே ஊரில், ஒரே பத்தாண்டுக்குள், தந்தையும் மகனும் ஜான் ஃப்ரேசராக இரண்டு குடும்பங்கள். அவர்களைப் பிரித்துக்காட்டியது பண்ணைப் பெயரும், ‘சிவப்பன்’, ‘வெள்ளையன்’ என்ற பட்டப்பெயர்களும்தான்.

அடுத்து பறிமுதல் எஸ்டேட் ஆவணங்கள். ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மறுபடி அரியணை ஏற்ற நடந்த 1745 கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக 11ஆம் லவட் பிரபு 1747 ஏப்ரல் 9 அன்று லண்டன் டவர் ஹில்லில் தலை வெட்டப்பட்டார். எஸ்டேட் அரசின் கைக்குப் போய், 1774இல்தான் அவர் மகனுக்குத் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அரசு அதிகாரிகள் யார் எந்த நிலத்தில் என்ன குத்தகை கட்டுகிறார்கள் என்று எழுதிவைத்தார்கள். தலைவனின் வீழ்ச்சி, குடியானவனின் வம்சாவளி தேடுகிறவர்களுக்குப் பெரிய வரமாக அமைந்துவிட்டது. குடும்பத்தின் பண்ணை அந்தக் குத்தகைப் பட்டியலில் இருந்தது. ஆனால் அங்கே குத்தகைக்காரர் தந்தை, பாட்டன் பெயர் அடுக்கிய வடிவில் மட்டும் வருகிறார்; ஃப்ரேசர் என்ற சொல்லே இல்லை. அடுத்த தலைமுறைதான் பதிவேட்டில் ஃப்ரேசர் ஆகிறது.

முடிவு இரண்டு வரியில் எழுதப்பட்டது. லவட் பிரபு குடும்பத்தின் இளைய கிளையிலிருந்து வந்தவர்கள் என்பதற்குச் சான்று இல்லை. குத்தகை நிலத்தோடு பெயரை ஏற்றவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. இளைய மகன் மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்றார். ஆண்வழி மரபணு பொருந்தினாலும் எந்தத் தலைமுறையில் கிளை பிரிந்தது என்பதை அது ஆவணம்போலச் சொல்லாது. சின்னம் பற்றிய கேள்விக்கு அதன் விடை தேவையும் இல்லை. எனவே அது தள்ளிவைக்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது

மரபுச்சின்னம் ஒரு குடும்பப்பெயருக்குச் சொந்தமல்ல, ஓர் ஆளுக்குச் சொந்தம். லவட்டின் சின்னம் லவட் பிரபு ஒருவருடையது. அவருடைய சொந்தத் தம்பிகூட அதை மாற்றமின்றிப் பயன்படுத்த முடியாது. ஆகவே குடும்பத்தின் முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வந்திருந்தாலும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்பதே விடை.

இங்கிலாந்தில் இதை மீறினால் பெரும்பாலும் முகச்சுளிப்போடு போகும். ஸ்காட்லாந்தில் அப்படியில்லை. எடின்பரோவில் லார்ட் லயன் என்ற மரபுச்சின்ன அதிகாரியின் மன்றம் இன்றும் இயங்கும் ஒரு நீதிமன்றம். அதற்கென்று ஓர் அரசு வழக்குத்தொடுநரும் உண்டு. 1672ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாச் சின்னங்களையும் பொதுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறது. பதிவில்லாமல் பயன்படுத்தினால் அபராதம் உண்டு. சின்னம் பொறித்த பொருட்களையும் பறிமுதல் செய்யலாம். கல்தூண் வாயிலோடு நிற்கும் பொருள் என்பதைக் குடும்பத்துக்கு எடுத்துச் சொன்னபோது கல்தச்சருக்கு அன்றே தொலைபேசி போனது.

எடுத்த முடிவுகள்

உடனடியாகச் செய்தது: பலகை இறங்கியது, லெட்டர்ஹெட்டும் ரசீதும் சின்னமின்றி மறுபடி அச்சானது, மோதிரப் பொறிப்பு நிறுத்தப்பட்டது.

பெயரின் மீதான பற்றைக் காட்ட அவர்களுக்கு உரிமையுள்ள ஒரு வழி இருந்தது. தலைவரின் முடிச்சின்னத்தைச் சுற்றி வாரும் கொக்கியும் வளைந்து, அதில் வாசகம் எழுதிய வில்லையை, கிளானை, அதாவது ஒரு தலைவரின்கீழ் வரும் குலத்தை, சேர்ந்த எவரும் தொப்பியிலோ உடையிலோ அணியலாம். அந்த வார், இது என் தலைவருடையது, நான் அவரைச் சேர்ந்தவன் என்று காட்டும் அடையாளம். வார் இல்லாத முடிச்சின்னம் தலைவருக்கு மட்டும். வில்லை அணிவதற்குத்தான், லெட்டர்ஹெட்டில் அச்சிட அல்ல. எந்தத் தலைவர் என்பதையும் தீர்க்க வேண்டியிருந்தது. ஃப்ரேசர் பெயர் முழுமைக்கும் தலைவராக 1984இல் லார்ட் லயன் ஏற்றது சால்டன் சீமாட்டியை. லவட் பிரபு மலைநாட்டு லவட் ஃப்ரேசர் கிளானின் தலைவர். பியூலி வட்டாரத்துக் குடியானவர் வழி என்பதால் கலைமான் தலையே பொருத்தம் என்று முடிவாயிற்று.

நீண்டகால வழி, தந்தை தன் பெயரில் புதுச் சின்னம் கேட்டு லார்ட் லயனுக்கு விண்ணப்பிப்பது. விடுதி நிறுவனமாக இருந்திருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும். தனி ஆளின் தொழில் என்பதால் ஒன்றே போதுமானது. பிறப்பு, திருமணச் சான்றுகள், பெற்றோர், பாட்டன் பாட்டி வரையிலான சான்றுகள், வாழ்க்கைக் குறிப்பு ஆகியவை இணைக்கப்பட்டன. லவட் வழித்தோன்றல் என்று ஒரு சொல்லும் அதில் எழுதப்படவில்லை. மெய்ப்பிக்க முடியாத ஒரு வரி, மெய்ப்பித்த மற்ற வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

சின்னத்தை வடிவமைத்தல்

குடும்பப்பெயருக்கு மதிப்புக் கிடைக்கும் ஒரே இடம் இங்கேதான். தலைவரின் பெயரைக் கொண்டவர் உறவை மெய்ப்பிக்க முடியாவிட்டாலும், தலைவரின் அடிப்படைக் கேடயத்தை ஒட்டி, தெளிவான வேறுபாட்டோடு அவருக்குச் சின்னம் வழங்குவது ஸ்காட்லாந்து வழக்கம். பூக்கள் கிடைக்கும், மகுடங்கள் கிடைக்காது, அவை லவட் குடும்பத்துக்கே உரியவை.

மகள் கொண்டுவந்த முதல் வரைவில் நீலத் தளத்தில் விடுதியின் சிவப்புக் கதவு இருந்தது. நிறத்தின் மேல் நிறம் வைக்கக் கூடாது என்பது சின்னவியலின் முதல் விதி. தங்கமும் வெள்ளியும் உலோகம். நீலம், சிவப்பு, கறுப்பு, பச்சை, ஊதா நிறங்கள். உலோகம் நிறத்தின்மேல் வர வேண்டும், அல்லது நிறம் உலோகத்தின்மேல். நூறு அடி தூரத்தில் குதிரையில் வருகிறவனை அடையாளம் காண்பதற்கான விதி இது. நீலத்தில் சிவப்பு அந்தத் தூரத்தில் கரைந்துவிடும். விடுதிக் கட்டடத்தை அப்படியே வரையலாம் என்ற யோசனையும் விழுந்தது. சின்னம் சொற்களால் விவரிக்கப்பட்டு, எந்த ஓவியரும் அதைப் படித்து வரையக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வீட்டின் ஜன்னல்களை அப்படி விவரிக்க முடியாது.

முடிவான வடிவம்: நீலத் தளம், நடுவே அலையலையான வெள்ளிப் பட்டை, அதற்கு மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக மூன்று வெள்ளி ஸ்ட்ராபெர்ரிப் பூக்கள். பட்டை பியூலி ஆறு. முடிச்சின்னம் வலக்காலில் சாவி பற்றிய ஆந்தை. கம்பியில்லாத சாதாரண எஃகுத் தலைக்கவசம், வெளியே நீலமும் உள்ளே வெள்ளியுமான துணி. வாசகத்தில் ஒரு பழைய நயம் உண்டு: தலைவரின் வாசகத்துக்குப் பதில் சொல்வதுபோல் அமைப்பது. ‘நான் ஆயத்தம்’ என்ற தலைவருக்கு, ‘கதவு திறந்திருக்கிறது’ என்ற பொருளில் கேலிக் மொழியில் ஒரு வாசகம் எழுதப்பட்டது. மோதிர அளவில் வரைந்து பார்த்தபோது ஆந்தையின் சாவி அழிந்துபோனது; மோதிரத்தில் சாவிப் பற்களை இரண்டாகக் குறைத்துப் பெரிதாக்கினார்கள். விவரணை மாறாதவரை ஓவியருக்கு இந்தச் சுதந்திரம் உண்டு.

நடந்தது

காத்திருப்பு ஓராண்டுக்கு மேல் நீண்டது. கட்டணம் ஆயிரக்கணக்கான பவுண்டு. மூத்த மகனின் திருமணத்துக்குச் சின்னம் வந்து சேரவில்லை. அவர் கலைமான் தலை வில்லை அணிந்தே மணமேடை ஏறினார். பின்னர் கையால் வண்ணம் தீட்டிய பட்டயம் வந்தது, பதிவேட்டிலும் ஏறியது. கல்தச்சரின் முன்பணத்தில் ஒரு பகுதி போனது போனதுதான்.

எதிர்பாராத மனத்தாங்கல் இளைய மகனிடமிருந்து வந்தது. தந்தை உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன் கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று நாக்குகள் தொங்கும் பட்டையைச் சேர்த்து அதே சின்னத்தைப் பயன்படுத்தலாம். பின்னால் முழுச் சின்னமும் அவருக்கு வரும். இளையவர் தனியே விண்ணப்பித்து, வேட்டிக்குக் கரைபோல் கேடயத்தைச் சுற்றி ஓடும் விளிம்புப் பட்டை போன்ற வேறுபாட்டோடு பதிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். இது விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் மூன்று பிள்ளைகளிடமும் சொல்லப்பட்டிருக்க வேண்டியது. பேச்சுவாக்கில் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

இரண்டு கேள்விகளையும் முதல் நாளிலேயே பிரிக்க வேண்டும். சட்டக் கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும், வம்சாவளிக்கு மாதங்கள் ஆகும். இந்த வழக்கில் சட்டக் கேள்வி வம்சாவளிக்காகக் காத்திருந்தது. அதற்குள் ஓராயிரம் ரசீதுகள் அச்சாகிவிட்டன.

வீட்டுப் பெரியவர்களின் நினைவிலுள்ள பட்டப்பெயர்களையும் பண்ணைப் பெயர்களையும் பதிவேட்டைத் திறக்கும் முன்பே எழுதி வாங்க வேண்டும். ‘சிவப்பன் வீடு’ என்ற பெயர் குடும்பத்தின் அத்தை ஒருவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. இரண்டு ஜான் ஃப்ரேசர்களைப் பிரிப்பதில் பெரும்பாடு பட்ட பிறகே அது வெளிவந்தது. குத்தகைப் பட்டியல்களையும் கடைசியாக அல்ல, பண்ணைப் பெயர் தெரிந்தவுடனே பார்க்கலாம்.

கல்லும் உலோகமும் கடைசியில். பட்டயம் கையில் வந்து, அதன் விவரணையைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்ட பிறகே செதுக்குபவருக்கு வரைபடம் போக வேண்டும். பழைய பலகையை எறியத் தேவையில்லை என்றும் குடும்பத்திடம் சொல்லப்பட்டது. லவட் கேடயத்தை மட்டும் அறுத்தெடுத்துச் சட்டமிட்டு, ‘லவட் பிரபுவின் சின்னம்’ என்று அடியில் எழுதி உணவறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். இன்னாருடையது என்று எழுதிக் காட்டுவது படம், தனதென்று காட்டுவதுதான் குற்றம்.